அமராவதியின் கணக்கு
(கடியப்பட்டணத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



துயரத்தில் முடிகிற காதல் கதையில், பார்க்கிறவரை எழுந்து போகவிடாமல் நாடகாசிரியன் எப்படிப் பிடித்து வைக்கிறான் என்று பேசச் சொன்னார்கள். கடலுக்குப் போனவர் திரும்பும் நேரம் தள்ளிப்போனால் கரையில் நிற்கிறவருக்கு என்ன ஆகும் என்பது இந்த ஊர்த் தாய்மார்களுக்குத் தெரியும். நாடகத்தின் இறுக்கமும் அந்த வகைதான். ஆகையால் கதைக்கே போய்விடலாம்.

கம்பர் மகன் அம்பிகாபதி, சோழன் மகள் அமராவதி. வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வழிவழியாகச் சொல்லி வந்த கதை. சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் பெண்ணைத் தருவேன், தவறினால் தலை போகும் என்கிறான் அரசன். மறைவில் இருக்கும் அமராவதி, பாட்டுக்கொரு பூவாக எடுத்து வைத்து எண்ணுகிறாள். நூறாவது பூ வந்ததும் ஆசையோடு எட்டிப் பார்க்கிறாள். அவன் அவளைக் கண்டு அவள் அழகைப் பாடிவிடுகிறான். பாடியது 99தான். முதலில் பாடிய காப்புச் செய்யுளையும் அவள் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

இதைக் கட்டியவன் யாரோ, பெரிய கைகாரன். வாள் இல்லை, விஷம் இல்லை, ஒரு பூ அதிகம், அவ்வளவுதான். ‘நூறு’ என்று அரசன் சொன்ன நொடியிலேயே பார்க்கிறவர் கையில் ஒரு கணக்கு வந்துவிடுகிறது. இனி ஒவ்வொரு பாட்டும் நம்பிக்கையையும் கூட்டும், பயத்தையும் கூட்டும். கொல்லப்போவது பகையும் இல்லை; அவளுடைய அன்பேதான் அவசரப்படுகிறது.

நாடகமாக எழுதும்போது வருகிற கேள்வி இது: காப்பு கணக்கில் சேராது என்பதைச் சபைக்கு எப்போது சொல்வது? அவன் தலை போன பிறகு சொன்னால் ‘அடடா’ என்பார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். காப்புப் பாடும்போதே, யாரோ ஒருவர் ‘இது காப்பு, இனிமேல்தான் ஒன்று’ என்று போகிறபோக்கில் சொல்லட்டும். அதே வேளையில் அமராவதி முதல் பூவை எடுத்து வைப்பதும் தெரியட்டும். பிறகு நூறு பாட்டையும் பாட வேண்டியதில்லை. நான்கைந்து போதும். தட்டில் பூ உயர உயர, முன்வரிசையில் இருக்கும் பாட்டியே ‘ஏ மக்களே, எட்டிப் பாக்காத’ என்று சத்தம் போடுவாள்.

முடிவை ஒளித்து வைத்தால்தான் சுவை என்று புதிதாக எழுதுகிறவர்கள் நம்புகிறார்கள். ஷேக்ஸ்பியர் ரோமியோ ஜூலியட்டின் முன்னுரைப் பாட்டிலேயே இருவரும் சாவார்கள் என்று சொல்லிவிட்டார். அவர் கைவைத்தது காலத்தில். ஆர்தர் புரூக் 1562இல் செய்த நெடும்பாட்டில் மாதக்கணக்கில் ஓடுகிற கதையை, ஒரு வாரம்கூட ஆகாமல் முடித்தார். ஜூலியட்டின் சாவு பொய் என்று துறவி எழுதிய கடிதம் கொள்ளைநோய்க் கெடுபிடியில் முடங்கிப்போனது நமக்குத் தெரியும், ரோமியோவுக்குத் தெரியாது.

அந்த நாடகத்தின் சாயல், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி, இளங்கோவன் வசனம் எழுதி, எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த 1937ஆம் ஆண்டு ‘அம்பிகாபதி’யில் உண்டு. 1957இல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்து மறுபடி வந்தது. நம்ம ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் இரண்டிலும் சிரிக்க வைக்க இருந்தார். சாவுக் கதையில் சிரிப்பு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. சபை மூச்சுவிட இடம் கொடுக்காத நாடகத்தில் மூன்றாவது அழுகைக்குக் கண்ணீர் வராது. ஆனால் கணக்கு ஓடத் தொடங்கிய பிறகு கோமாளி உள்ளே வரக் கூடாது.

நம் நாட்டையே காரணமாக வைத்து ஒரு நாடகம் உண்டு. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’. பாண்டியனுக்கும் சேரனுக்கும் சண்டை மூளுவது நாஞ்சில் நாட்டை வைத்து. பாண்டியன் மகள் மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் ஒருவரையொருவர் கனவில் மட்டுமே கண்டவர்கள். தன் கனவில் வந்தவளுடைய அப்பன் மேல்தான் படையெடுக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. படிக்கிற நமக்குத் தெரியும். பாண்டியனின் அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியால் அவன் மகன் பலதேவனுக்கு அவளை நள்ளிரவில் கட்டிவைக்க ஏற்பாடாகிறது. எல்லாமே துயர முடிவுக்குத் தோதாகத்தான் இருக்கிறது. ஆனால் பாண்டியனின் குருவான முனிவர் அமைத்த சுரங்கவழி இருக்கிறது. அது தெரிந்ததுமே நம் பயம் பாதி இறங்கிவிடுகிறது. கடைசியில் அந்த வழியாகவே சேரன் வருகிறான், மாலை அவன் கழுத்தில் விழுகிறது. பெரிய நூல்தான், ஆனாலும் சுரங்கத்தை அவ்வளவு சீக்கிரம் காட்டியிருக்க வேண்டாம் என்பது என் கட்சி. சோகக் கதை எழுதுகிறவர்கள் முதலில் அடைக்க வேண்டியது சுரங்கத்தைத்தான்.

மறுபடி அமராவதி. தன் கணக்குத்தான் பிசகியது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமா? தெரியாமலே இறந்தால் அவள் பாவப்பட்ட பெண், அவ்வளவே. அவனைக் கூட்டிப் போவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பேன். அப்போதுதான் அந்தக் கடைசிக் களத்தில் அவளுக்குப் பேச ஏதாவது இருக்கும். யார் வாயால் தெரிவது? தோழி சொன்னால் ஒப்பாரி ஆகிவிடும். அரசனுக்குச் செய்யுள் கணக்கு தெரியாது. நான் எழுதினால், கம்பருக்குப் போட்டியான அரசவைப் புலவர் ஒட்டக்கூத்தரைச் சொல்ல வைப்பேன். அவன் எப்போது தவறுவான் என்று பாட்டுப் பாட்டாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த இன்னொருவர் அவர்தானே.