முன்னிலையும் படர்க்கையும்

தன்மை, முன்னிலை, படர்க்கை எனப் பேச்சிலே மூவிடம் வகுத்துள்ளது தமிழ் இலக்கணம். கிறித்தவ வேதாகமத்திலுள்ள யோபுவின் நூலைப் படிப்போர் இப்பாகுபாட்டை மனத்திற்கொண்டு படித்தல் நன்று. 42 அதிகாரங்கொண்ட அந்நூலின் உயிர்நிலை இதிலேயே அடங்கியுள்ளது.

கதை நேயர்களுக்குப் புதிதன்று. ஊத்ஸ் தேசத்து யோபு உத்தமன். 7000 ஆடுகளும் 3000 ஒட்டகங்களும் உடையவன். புதல்வர் 7 பேரையும் புதல்வியர் 3 பேரையும் பெற்றவன். ஒரே நாளிலே செல்வமும் மக்களும் அழிந்தன. பின்னர் உடலெங்கும் பருக்கள் பொங்க, சாம்பலில் அமர்ந்து ஓட்டினாற் சுரண்டிக்கொண்டிருந்தான். அரிச்சந்திரன் கதை கேட்டு வளர்ந்தோர் இருவரையும் ஒப்பிடுவதுண்டு. ஒப்புமை ஓரளவிற்கே பொருந்தும். யோபு பொறுமைக்குப் பேர்பெற்றவன் என்பது முதலிரண்டு அதிகாரங்களோடு நூலை மூடிவைத்தோர் கூற்று. மூன்றாம் அதிகாரத்திலே அவன் தான் பிறந்த நாளையே சபிக்கிறான்.

துயரங் கேட்டு எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர் வந்தனர். 7 நாள் இரவும் பகலும் பேசாது அவனோடு தரையிலிருந்தனர். அவர்கள் செய்த உதவியுள் தலையாயது அதுவே. வாய் திறந்த பின்னரோ, கடவுள் நீதியுள்ளவர், காரணமின்றித் தண்டியார், ஆகவே யோபு பாவஞ் செய்திருத்தல் வேண்டும் என வாதித்தனர். கடவுளை நோக்கி மன்றாடுமாறு மூவருமே அவனுக்குப் புத்தி கூறினர். ஆயின் அவர்களில் ஒருவராவது அவனுக்காக ஒருமுறை மன்றாடினாரா? உரையாடல் முழுவதுந் தேடினும் இல்லை. அவர்கள் வாயிற் கடவுள் எப்பொழுதும் 'அவர்'.

யோபுவும் பலவிடங்களிற் படர்க்கையிலேயே பேசுகிறான். எனினும் நண்பருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருப்பவன் திடீரென அவர்களை விட்டுக் கடவுள்பாற் திரும்பிவிடுகிறான். 7ஆம், 10ஆம், 13ஆம் அதிகாரங்களில் இத்திருப்பத்தைக் காணலாம். எச்சில் விழுங்கவும் விடாது தன்னைக் கண்காணிப்பதேன் என்று வினவுகிறான். களிமண்ணை வனைவதுபோல் வனைந்த கைகளே தன்னைக் குலைப்பது முறையோ என்று வழக்காடுகிறான். பக்தர் செவிக்கு இவை கொடுஞ்சொற்களே. ஆயினும் அங்கே கடவுள் 'நீர்'.

இறுதியிற் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். துன்பத்தின் காரணத்தை அவர் சொல்லவேயில்லை. கடல், விடியல், காட்டுக்கழுதை, கழுகு எனப் படைப்பைக் காட்டி வினாமேல் வினாத் தொடுக்கிறார், யோபுவும் கடிந்துகொள்ளப்படாமலில்லை. விளக்கம் தேடுவோர்க்கு இவ்விடம் ஏமாற்றமே. யோபுவுக்கோ மறுமொழி வந்ததே போதுமாயிற்று.

பின்பு தீர்ப்பு. கடவுளுக்காக வாதாடிய மூவர்மேற் கோபம். கடவுளோடு வழக்காடியவன் பேசியதே சரி. இங்கே எபிரேய மூலத்திலுள்ள சொல் 'என்னைக் குறித்து' என்றும் 'என்னை நோக்கி' என்றும் பொருள்கொள்ள இடந்தருவது. மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலோர் முன்னதையே கொண்டனர். பின்னதைக் கொண்டால் தீர்ப்பின் காரணம் மேலும் தெளிவாகும்.

7 காளைகளோடும் 7 ஆட்டுக்கடாக்களோடும் மூவரும் யோபுவிடம் அனுப்பப்படுகின்றனர். அவர்களுக்காக அவன் மன்றாடவேண்டுமென்பது கட்டளை. அவன் மன்றாடினான். அவனுடைய துன்பநிலை மாறியது அவ்வேளையிலேதான் என்கிறது நூல்.