காத்தது எது?

கல்லூரி மாணவர் குடிப்பதற்கு வயதும் நட்பும்தான் காரணம் என்கிறோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்ட்ராஸும் பேக்கனும் 27 கல்லூரிகளில் விசாரித்து 1953-இல் வெளியிட்ட நூல், வளர்ப்பையும் காட்டியது. வீட்டு வழிபாட்டில் திராட்சை மதுவை அறிந்து வளர்ந்த யூத மாணவரில் குடிப்பவர் அதிகம், நிலைதடுமாறுபவரோ குறைவு. மதுவை விலக்கும் மார்மன் சமயத்தாரில் குடிப்பவர் குறைவு. ஆனால் தடையை மீறிக் குடித்தவர்களிடம் தொல்லைகள் அதிகம்.

அப்படியானால் விலக்கு தவறா? இல்லை, பலரைக் காத்தது அதுதானே! வீட்டிலேயே ஊற்றிக் கொடுக்கலாமா? அதுவும் கூடாது, யூத இளைஞரைக் காத்தது கோப்பையல்ல, சடங்கின் வரம்பும் போதையை இழிவாகக் கருதிய மரபும். ஆகவே, "குடிக்காதே" என்பதோடு நிறுத்தாமல், ஏன் என்பதையும் பிள்ளைகள் மனத்தில் பதியும்படி எடுத்துச் சொல்வோம்.