பதக்கத்தை உரைகல்லில் உரசாதீர்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நகை மதிப்பீடு பார்த்தவன் என்பதால் பழைய பதக்கங்களைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி ஒரு பதக்கத்தை விற்கக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆள், 1914, 1918 என்று இரண்டு வருடம். வழக்கம்போல ஓரத்தை உரைகல்லில் தேய்த்தேன். நல்ல வெள்ளி. எடைக்கு விலை சொன்னேன். அப்புறம்தான் ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்து இருப்பது கண்ணில் பட்டது: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. பெயரின் முதல் இரண்டு எழுத்து என் உரசலில் மங்கிப்போயிருந்தது.

"எங்க மாமனார் பேரா எழுதியிருக்கு?" என்றார் பாட்டி. அத்தனை வருடமும் பொங்கலுக்குப் புளி போட்டு விளக்கியவருக்கு அது தெரியாது. விற்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

அது முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். 92.5 சதவீத வெள்ளி, 36 மில்லிமீட்டர் குறுக்களவு. அறுபது லட்சத்துக்கும் மேல் வழங்கினார்கள், ஆகவே பதக்கம் அரிதல்ல. ஓரத்துப் பெயர்தான் அதைத் தனியாகக் காட்டுகிறது. 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது ஏராளமானவை உருக்கப்பட்டன.

இன்னொன்று, நகைக்கடைக்காரர் நம்பமாட்டார். இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. தொழிலாளர் படையில் போனவர்களுக்குக் கொடுத்தது, மொத்தமே சுமார் 1,10,000. வெள்ளியைவிட இதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகத் தருவதுண்டு. "பித்தளைதானே" என்று பழைய பாத்திரத்தோடு போட்டுவிடாதீர்கள்.

கூடவே வானவில் நிற ரிப்பனில், சிறகுள்ள பெண் உருவத்தோடு வெற்றிப் பதக்கம் இருக்கும். இரண்டிலும் ஒரே பெயர் என்றால் ஜோடியைப் பிரிக்காதீர்கள், மதிப்பு போய்விடும். ஓரத்தில் "எஸ்பிஆர்" என்றிருந்தால் அவர் சாப்பர், அதாவது பாலம், பாதை போடும் படை. நம் மாகாணத்திலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸில் நிறையப் பேர் சேர்ந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின் ஆறுமுனை நட்சத்திரங்களைப் பிரிட்டன் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. அவற்றுக்கு டிஸ்சார்ஜ் காகிதம்தான் சாட்சி. பெட்டியைத் தேடும்போது பெரம்பலூர், அரியலூர் என்று தேடாதீர்கள். அன்று நாம் திருச்சினாப்பள்ளி ஜில்லா.

புதுச்சேரி சம்பந்தம் உள்ள வீடுகளில் பிரெஞ்சுப் பதக்கமும் கிடைக்கும். சிவாஜிக்கு 1995-ல் தந்ததால் "செவாலியே" என்பதைப் பதக்கத்தின் பெயராக நினைக்கிறோம். அது ஒரு படிநிலை. நைட் என்று பொருள். பிரான்ஸின் பல விருதுகளில் அந்தப் படி உண்டு. எந்த விருது என்பதை ரிப்பன் சொல்லும்: சிவப்பு என்றால் நெப்போலியன் 1802-ல் தொடங்கிய லெஜியன் தோனர், பச்சையில் வெள்ளைக் கோடு என்றால் சிவாஜி பெற்ற கலை இலக்கிய விருது. லெஜியன் தோனரின் நடுவில் 1870 என்று இருந்தால் அது செய்த வருடமல்ல, மூன்றாம் குடியரசு பிறந்த வருடம். 1930-ல் கொடுத்ததிலும் அதே 1870தான். ஐந்து கைகளிலும் வெள்ளை எனாமல் உதிராமல் இருக்கிறதா என்று பாருங்கள், விலையைத் தீர்மானிப்பது அதுதான்.

வெளிநாட்டிலிருந்து நல்ல விலை சொல்கிறார்கள் என்று தபாலில் அனுப்பிவிடாதீர்கள். 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன.

அடுத்த கூட்டத்துக்கு யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்துவாருங்கள். புளி வேண்டாம், விபூதி வேண்டாம், பழைய ரிப்பனையும் மாற்ற வேண்டாம். லென்ஸ் நான் கொண்டுவருகிறேன். உரைகல் வீட்டிலேயே இருக்கட்டும்.