டைல்ஸுக்கு முன்னால் இரண்டு கை பூச்சு
(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

எங்கள் பாத்ரூம் சீலிங்கில் ஓதம். மழையால் என்று நினைத்தோம். வெயில் வந்தும் காயவில்லை. மேல்வீட்டு ஷவர் சுவர்தான் காரணம். அவர்களைக் குறை சொல்லவில்லை. டைல்ஸ் ஒட்டினால் போதும் என்றுதான் நாம் எல்லாருமே நினைக்கிறோம்.

டைல்ஸ் இடுக்கில் பூசும் சிமெண்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். கம்பி துருப்பிடித்தால் காரை பெயரும். மஞ்சக்குப்பத்து உப்புக்காற்றில் துரு இன்னும் சீக்கிரம் ஏறும்.

பைப் வேலை முடிந்ததும், மூலைகளிலும் பைப் ஓரங்களிலும் வலைத்துணி ஒட்டுங்கள். தரையிலும், ஷவர் சுவரில் ஏழடி உயரம் வரைக்கும் வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை அடியுங்கள்: முதல் கை குறுக்கே, காய்ந்தபின் அடுத்தது நெடுக்கே. அதுவும் நன்றாகக் காய்ந்ததும் தரையில் 24 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டு சீலிங்கைப் போய்ப் பாருங்கள். ஒழுகவில்லை என்றால் மட்டும் டைல்ஸைத் தொடச் சொல்லுங்கள்.

கொத்தனார் அவசரப்படுத்துவார். நாம்தான் பொறுக்க வேண்டும். நம் தரைதான் இன்னொருவர் தலைக்கு மேல் கூரை.