இரு நாள் பயணமும் இருப்பிடத் தேர்வும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பேசுவோர் உண்டு. எங்களுக்கோ வெளியூரில் தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுமாறு பணி இட்டிருக்கிறார்கள். இஃது ஒரு பொருளா என்று சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். 'ஓட்டல்' என்றாலே நம் செவியில் விழுவது இட்டலியும் சாம்பாரும்தானே ஒழியப் படுக்கையறை அன்று. தங்குமிடம் என்றால் அந்நாளில் நமக்குச் சத்திரம், பின்னர் லாட்ஜ். கோயிலுக்கு எதிரிலும் குளக்கரையிலும் சத்திரங்களைக் கட்டினார்கள். வழிப்போக்கன் எதற்காக வந்தானோ அதற்கு அருகிலேயே அவன் தலை சாய்க்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவை நாம் மறந்ததன் விளைவை எங்கள் குடும்பமே ஒருமுறை அனுபவித்தது. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

தில்லியில் வாழும் நமக்கு நீண்ட விடுப்பு எளிதில் வாய்ப்பதில்லை. சனி, ஞாயிறு இரண்டோடு இன்னுமொரு நாள் சேர்ந்தால் அதுவே பெரும் பேறு. கொல்கத்தாவுக்கு இராஜதானி விரைவு வண்டி 1969 முதல் ஓடுகிறது. மாலையில் ஏறினால் மறுநாள் முற்பகலில் ஹௌராவில் இறங்கிவிடலாம். அவ்வாறுதான் 2019 டிசம்பரில் நாங்கள் புறப்பட்டோம். எங்களுடன் எங்கள் அன்னையாரும் வந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 78. முழங்கால் வலி உண்டு. கும்பகோணத்தில் சிறுமியாக இருந்த நாளிலே பரமஹம்சரின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள். தட்சிணேசுவரத்தில் அவர் பூசை செய்த சந்நிதியை ஒருமுறை காண வேண்டும் என்பது அவர்களது அறுபதாண்டு விருப்பம். எங்கள் பயணத்தின் உண்மையான நோக்கமும் அதுவே.

விடுதியைத் தேடும்போது நாங்கள் வாடகையைப் பார்த்தோம். அறையின் படத்தைப் பார்த்தோம். ஊரின் படத்தைப் பார்க்கவில்லை. நகரின் கிழக்கே, புறவழிச் சாலையை அடுத்து, தெற்குப் பகுதியில் ஒரு விடுதி கிடைத்தது. அறைக்கு நாளொன்றுக்கு 900 ரூபாய் குறைவு. இரண்டு அறை, இரண்டு இரவு. ஆக 3,600 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்தோம். விடுதியைக் குறை சொல்ல மாட்டோம். அறை தூய்மையானது, பணியாளர் அன்பானவர்கள். அந்தச் சாலையில் பெரிய மருத்துவமனைகள் பல இருக்கின்றன. நோயாளிகளோடு வருகின்ற உறவினர்க்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. நாங்கள் வந்த காரியத்துக்குத்தான் அது ஏற்ற இடமாக இல்லை.

நடந்ததைச் சுருங்கச் சொல்கிறோம். சனிக்கிழமை ஹௌராவில் இறங்கி, பாலத்து நெரிசலைத் தாண்டி, அறைக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டரை. உண்டு, களைப்பாறி, நான்கு மணிக்குப் புறப்பட்டு விக்டோரியா நினைவு மண்டபத்தை அடைந்தபோது காட்சிக்கூடத்தின் வாயிலை மூடிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு முழுவதும் காளிகட்டத்திலும் அருங்காட்சியகத்திலும் அவற்றினும் மிகுதியாகச் சாலையிலும் கழிந்தது. அன்னையாரால் இடையில் அறைக்குத் திரும்பிச் சற்றுப் படுத்தெழ இயலவில்லை. திரும்பினால் மறுபடி வருவது எங்ஙனம்? திங்கட்கிழமை காலை தட்சிணேசுவரம் நோக்கிக் கிளம்பினோம். நாங்கள் தங்கியது தென்கிழக்கு மூலை. கோயிலோ வடக்கு எல்லை. போய்ச் சேர்ந்தபோது நண்பகல் நடை சாத்தியாயிற்று. மீண்டும் திறக்கும் வரை காத்திருந்தால், விடுதிக்குத் திரும்பிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வண்டியைப் பிடிக்க இயலாது. அன்னையார் வெளியே நின்றவாறே கைகூப்பினார்கள். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம், போகலாம் வாருங்கள்" என்றார்கள். எங்களை நோகச் செய்யலாகாது என்று சொன்ன சொல் அது என்பதை அறியாதவர்கள் அல்லர் நாங்கள்.

மறுமுறை அழைத்து வருவோம் என்று வாக்களித்தோம். 2021-இல் அவர்கள் மறைந்தார்கள். மிச்சம் பிடித்த 3,600 ரூபாயும் அங்கு நிற்கவில்லை. வாடகை வண்டிகளுக்கு மட்டும் 4,300 ரூபாய் செலவாகியிருந்தது.

நிற்க. இனி, இதிலிருந்து நாங்கள் கற்ற பாடங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, குறும்பயணத்தில் பணத்தை எண்ணுவதற்கு முன் நேரத்தை எண்ணுங்கள். சனிக்கிழமை பத்தரை மணிக்கு இறங்கித் திங்கட்கிழமை நாலரை மணிக்கு ஏறினால், கையில் இருப்பது 54 மணி நேரம். இரண்டு இரவுகளின் உறக்கத்துக்கும் நீராடலுக்கும் 20 மணியும், மூன்று நாள் உணவுக்கும் ஓய்வுக்கும் 9 மணியும் கழித்தால் எஞ்சுவது 25 மணி. விடுதி தொலைவாக இருந்து, ஒருமுறை செல்ல ஒன்றேகால் மணி பிடிக்குமானால், நாளில் இருமுறை போய்வரவே ஐந்து மணி நேரம். மூன்று நாளில் 15 மணி வண்டியிலேயே கழிந்துவிடும். ஊரைப் பார்க்க எஞ்சுவது பத்தே மணி நேரம்! ஒரு மாதம் தங்குவோர்க்கு இந்தக் கணக்கு பெரிதன்று. இரண்டு நாள் தங்குவோர்க்கு இதுவே முழுக் கணக்கு.

இரண்டாவது, விடுதியை முதலில் தேடாதீர்கள். பார்க்க விரும்பும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு நகரப் படத்தில் அவற்றைப் புள்ளியிடுங்கள். அப்புள்ளிகள் எங்கே செறிந்திருக்கின்றன, எந்த வழி அவற்றைக் கோக்கின்றது என்று பாருங்கள். கொல்கத்தாவில் அந்த வழி மெட்ரோ இரயிலே. இந்நாட்டின் முதல் மெட்ரோ 1984-இல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. அதன் வடக்கு–தெற்குத் தடத்தில் பாருங்கள்: தாகூர் பிறந்த ஜோராசாங்கோ இல்லத்துக்கு கிரீஷ் பார்க் நிலையம், 1814-இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகத்துக்குப் பார்க் ஸ்ட்ரீட், விக்டோரியா மண்டபத்துக்கு மைதான் அல்லது இரவீந்திர சதன், காளி கோயிலுக்குக் காளிகாட். 2021 முதல் அத்தடம் தட்சிணேசுவரம் வரையும் நீண்டுவிட்டது. ஆகவே, எஸ்பிளனேடு முதல் இரவீந்திர சதன் வரையுள்ள நிலையங்களுள் ஏதேனும் ஒன்றுக்கு நடை தொலைவில் தங்குவோர்க்கு நகரின் பெரும்பகுதி கைக்கெட்டும் தூரமே. 2024-இல் ஹூக்ளி ஆற்றின் அடியில் சுரங்கம் வழியே ஹௌராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு மெட்ரோ வந்ததும், பாலத்து நெரிசலும் பயணியைத் தடுப்பதில்லை. 2025 ஆகஸ்டில் அதே தடம் சியால்தாவோடும் இணைந்தது.

மூன்றாவது, நல்ல இடம் என்பது எல்லார்க்கும் ஒன்றன்று. நள்ளிரவில் இறங்கி விடியலில் ஏறுவோர்க்கு நிலையத்துக்கு அருகிலுள்ள விடுதியே நல்லது. வெளியூர் உணவு ஒவ்வாத முதியோருடன் செல்வோர் லேக் மார்க்கெட் பக்கத்தை நாடலாம். தென்னிந்தியர் நெடுங்காலமாகக் குடியிருக்கும் பகுதி அது. இட்டலியும் காப்பியும் கிடைக்கும். காளிகாட் நிலையமும் அண்மையில் உண்டு. யாருடன் செல்கிறோம், எதற்காகச் செல்கிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லிக்கொண்ட பின்னரே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது, விளம்பரச் சொற்களை எடை போடுங்கள். 'நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்' என்றால், நடந்தா, வண்டியிலா என்று கேளுங்கள். படத்தில் இரு புள்ளிகள் அடுத்தடுத்துத் தோன்றும்; நடுவில் ஆறோ, இரயில் பாதையோ, கடக்க இயலாத பெருஞ்சாலையோ கிடக்கும். பறவைக்குத்தான் நேர்வழி, நமக்குத் தெருவழியே உண்டு. இன்று கைப்பேசியிலேயே நடைவழியைக் காணலாம். நீங்கள் புறப்படப்போகும் அதே நேரத்தில் சாலையின் நெரிசலையும் காணலாம். அண்மையில் தங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும் படியுங்கள். புகழுரையைவிட, இரவு ஒன்பது மணிக்குமேல் தெருவில் விளக்குண்டா, பெண்கள் தனியே நடக்கலாமா, கீழே ஒலிபெருக்கி உண்டா என்பனவே தேவையான செய்திகள்.

ஐந்தாவது, விடுதிக்கு நேரே தொலைபேசியில் பேசுங்கள். மின்தூக்கி உண்டா, அது எல்லா மாடிக்கும் செல்லுமா, குளியலறைத் தரை வழுக்குமா, முதியோர் அமரத்தக்க கழிப்பிடம் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முற்பகலிலேயே அறை கிடைக்குமா என்பதையும், அறையைக் காலி செய்த பின் பெட்டிகளை மாலை வரை வைத்திருப்பார்களா என்பதையும் கேளுங்கள். வயது வந்த ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

ஆறாவது, ஊரின் நேர ஒழுங்கை அறியுங்கள். அருங்காட்சியகமும் விக்டோரியா மண்டபத்தின் காட்சிக்கூடமும் திங்கட்கிழமைகளில் விடுமுறை. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ வார நாட்களைவிடத் தாமதமாகவே தொடங்கும். துர்க்கா பூசை நாட்களிலோ தெருக்களில் மக்கள் வெள்ளம்; வாகனங்கள் பல இடங்களில் நுழையவே இயலாது. அந்நாட்களில் மெட்ரோவுக்கு நடந்து செல்லத்தக்க அறை கிடைக்காவிடில், பயணத்தையே வேறொரு வாரத்துக்குத் தள்ளுதல் நலம்.

அன்பர்களே! 2025 நவம்பரில் நாங்கள் மீண்டும் கொல்கத்தா சென்றோம். நம் காலனியில் எங்கள் எதிர்வீட்டில் வாழும் 74 வயது மூதாட்டியாரையும் அழைத்துச் சென்றோம். இம்முறை சௌரங்கியை அடுத்த ஒரு சந்தில் பழைய விடுதி. அறை சிறிது, சன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். வாடகையோ சற்று மிகுதி. ஆயினும் மெட்ரோ நிலையம் ஐந்து நிமிட நடை. பகல் உணவுக்குப்பின் மூதாட்டியார் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் உறங்கினார், மாலையில் மைதானத்துக்குத் தாமே "போவோமா?" என்று கேட்டார். மறுநாள் காலை, தட்சிணேசுவரம் வரை செல்லும் வண்டிதானா என்று பலகையைப் பார்த்து ஏறினோம். இடையில் மாற வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து கோயிலுக்கு 2018-இல் அமைத்த நடைமேம்பாலம் உண்டு. சாலை நெரிசலில் இறங்க வேண்டியதும் இல்லை. நடை சாத்துவதற்கு வெகு நேரம் முன்னரே சந்நிதியில் நின்றோம். மூதாட்டியார் நெடுநேரம் நின்றார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்த வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் அன்னையாரின் பெயருக்கும் ஓர் அருச்சனை செய்துவிட்டு ஆற்றங்கரையில் அமர்ந்தோம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் ஊரிலிருந்து உற்றார் உறவினர் தில்லிக்கு வரும்போது, "எங்கே தங்கலாம்?" என்று முதலில் கேட்பது நம்மைத்தான். "எங்கேயாவது மலிவாகப் பாருங்கள்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அவர்கள் வந்தது மருத்துவத்துக்கா, தேர்வுக்கா, மலைமந்திர் முருகனைக் காணவா, செங்கோட்டையைக் காணவா என்று கேளுங்கள். அதற்கு அருகில் எந்த மெட்ரோ நிலையம், எந்தத் தெரு என்று சொல்லுங்கள். இங்கு வாழ்ந்து நாம் பெற்ற ஊரறிவு, வருகின்றவர்க்குச் சத்திரம்போல் பயன்படட்டும். காசைப் பிறகும் ஈட்டலாம். முதியவர் ஒருவர் அறுபதாண்டு காத்திருந்த ஒரு முற்பகலை மீண்டும் ஈட்ட இயலாது.