நிறம் கூறும் சாட்சி

(சிங்கப்பெருமாள் கோவிலில் கூடிய ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வெப்பம் பட்டால் நிறம் மாறும் சாயங்களையும் மைகளையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று எத்தனையோ காரியங்கள் காத்திருக்க, சாயத்தைப் பற்றி இங்கே பேச்சு எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால், நம் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் தடுப்பு மருந்து வீரியத்தோடு இருக்கிறதா, நம் ஊராட்சியின் செலவுச் சீட்டு தணிக்கை நாள் வரை படிக்கும் நிலையில் இருக்குமா, தீர்மானப் புத்தகத்தில் இட்ட கையெழுத்து நிலைத்து நிற்குமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை இந்தச் சாயங்களிலேதான் அடங்கியிருக்கிறது.

நெய்யும் தயிரும்

இச்சாயங்களில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. நம் வீட்டு அடுக்களையிலேயே இவ்விரண்டுக்கும் உவமை இருக்கிறது. உறைந்த நெய்யைச் சூடு காட்டினால் உருகுகிறது. ஆறினால் மீண்டும் உறைகிறது. எத்தனை முறை செய்தாலும் அப்படியே. பாலின் கதை வேறு. அது ஒரு முறை தயிரானால் ஆனதுதான். எவ்வளவு குளிர வைத்தாலும் மீண்டும் பாலாவதில்லை.

நெய்யைப் போன்ற முதல் வகைச் சாயம் சூட்டில் நிறத்தை இழந்து, குளிர்ந்ததும் திரும்பப் பெறுவது. சாயமும், அதற்கு நிறம் கொடுக்கும் மெல்லிய அமிலப் பொருளும், மெழுகு போன்ற ஒரு பொருளும் கண்ணுக்குத் தெரியாத சிறு உறைகளுக்குள் அடைக்கப்படுகின்றன. மெழுகு உறைந்திருக்கும் வரை சாயமும் அமிலமும் சேர்ந்திருந்து நிறம் காட்டும். மெழுகு உருகினால் அவை பிரிந்து நிறம் மறையும். இச்சாயத்தைத் துணியிலும் பூசலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தைச் சேர்ந்த ஜெனரா என்னும் நிறுவனம் 1991 ஆம் ஆண்டில் இவ்வாறு நிறம் மாறும் சட்டைகளை விற்றது. கையை வைத்தால் கை வைத்த இடம் மட்டும் வேறு நிறமாகும். மக்கள் வேடிக்கையாக வாங்கினார்கள். ஆனால் கொதிநீரில் துவைத்தாலும் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தாலும் அச்சாயம் கெட்டு, சட்டை நிறம் மாறும் தன்மையையே இழந்துவிட்டது.

வேடிக்கைக்கு முதல் வகை போதும். சாட்சிக்கு இரண்டாம் வகையே வேண்டும். தான் பட்ட சூட்டை மறந்துவிடும் பொருளை எப்படிச் சாட்சியாகக் கொள்வது? தயிரைப் போல மாறினால் மாறியபடியே நிற்கும் சாயந்தான் நடந்ததை நமக்கு எடுத்துரைக்கும்.

வட்டத்துக்குள் ஒரு சதுரம்

போலியோ சொட்டு மருந்து முதலான பல தடுப்பு மருந்துகளின் குப்பி மீது ஊதா நிற வட்டம் ஒன்றும், அதன் நடுவே வெளிர் நிறச் சதுரம் ஒன்றும் அச்சிடப்பட்டிருப்பதை நீங்கள் காணலாம். அந்தச் சதுரம் வெறும் அலங்காரமன்று. சூட்டில் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்து கருமை கொள்ளும் ஒரு பொருளால் ஆனது அது. பிணைந்த சங்கிலி பிரிவதில்லை. குப்பி எத்தனை நேரம், எத்தனை சூட்டில் இருந்தது என்பதை அச்சதுரம் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கிறது. வெயிற்காலத்தில் பால் விரைவில் புளிப்பதும், மார்கழியில் மெதுவாகத் தோய்வதும் போல, சதுரமும் சூடு மிகுந்தால் விரைவாகவும் குறைந்தால் மெதுவாகவும் கருக்கும்.

பாத் என்னும் அமெரிக்கப் பொதுநல அமைப்பும், பின்னாளில் டெம்ப்டைம் எனப் பெயர் பெற்ற நிறுவனமும், உலக சுகாதார நிறுவனமும் முயன்று இக்குறியை உருவாக்கின. 1996 ஆம் ஆண்டு முதல் யூனிசெஃப் வழங்கும் போலியோ சொட்டு மருந்தில் இது இடம்பெற்றது. மருந்தின் தன்மைக்கு ஏற்ப 2, 7, 14, 30 என எண்ணிட்ட வகைகள் உண்டு. அந்த எண், 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறி எத்தனை நாளில் கருத்து முடியும் என்பதைக் காட்டும். 30 ஆம் எண் குறி 37 டிகிரியில் 30 நாளும், 25 டிகிரியில் 193 நாளும், 5 டிகிரியில் 4 ஆண்டுகளுக்கு மேலும் தாங்கும். போலியோ சொட்டு மருந்துக்கு உரியது 2 ஆம் எண் குறி. அதாவது நம் கோடை நாளின் சூட்டில் இரண்டே நாள்! 2003 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னையில் வெப்பம் 45 டிகிரியை எட்டியதை நினைத்துப் பார்த்தால், பெட்டியில் பனிக்கட்டி இல்லாத மருந்து எவ்வளவு விரைவில் பயனற்றுப் போகும் என்பது விளங்கும்.

குறியைப் படிக்கும் முறை எளிது. சதுரம் வட்டத்தை விட வெளிறியிருந்தால், காலாவதித் தேதியும் கடக்காதிருந்தால், மருந்தைக் கொடுக்கலாம். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் வட்டத்தை விடக் கருத்துவிட்டாலோ அந்தக் குப்பியைக் கொடுக்கக் கூடாது. அவ்வளவே.

கெட்ட மருந்து நஞ்சாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அது வலுவிழந்துதான் போகிறது. ஆயினும் அதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. குழந்தைக்குக் காப்பு கிடைத்துவிட்டது என்று தாய் நிம்மதியாக இருப்பாள், காப்போ கிடைத்திருக்காது. 1995 ஆம் ஆண்டில் தொடங்கிய போலியோ ஒழிப்பு இயக்கத்தில் வீடு வீடாகச் சென்ற மருந்து எத்தனை வெயில்களைக் கடந்திருக்கும்! இயற்கைப் போலியோக் கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை நோயுற்றது 2011 ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில். 2014 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் நாள் நம் நாடு போலியோ அற்ற நாடு எனச் சான்று பெற்றது. இலட்சக்கணக்கான ஊழியர்கள் கால் தேய நடந்து ஈட்டிய அந்த வெற்றிக்கு, குப்பியின் மீதிருந்த இச்சிறு சதுரமும் துணை நின்றது.

நம் ஊரின் நிலைமை

சிங்கப்பெருமாள் கோவில், பெருஞ்சாலையும் இரயில் பாதையும் ஒரகடத்துக்குச் செல்லும் சாலையும் கூடுமிடம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளை நாடி வெளி மாநிலங்களிலிருந்து வந்த பலர் நம் பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள் இன்று இங்கும் நாளை வேறிடத்திலும் தங்குகிறார்கள். இவர்களின் குழந்தைகள் நம் பதிவேட்டில் இல்லாமற் போவது எளிது. தாய்க்குத் தமிழ் தெரியாது. செவிலியருக்கு அவள் மொழி தெரியாது. இந்தச் சதுரத்தைப் படிக்கவோ எந்த மொழியும் தேவையில்லை, எழுத்தறிவும் தேவையில்லை. வெளிர் நிறத்தையும் கரு நிறத்தையும் பிரித்தறியும் கண் இருந்தால் போதும். ஒரு முறை காட்டிவிட்டால் அந்தத் தாய் தன் ஊருக்குப் போனாலும் மறக்க மாட்டாள்.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுகிறேன். முதலாவது, தடுப்பூசி போடும் புதன்கிழமைக்கு முன் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஆளனுப்பி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குறித்துக் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுங்கள். இரண்டாவது, தடுப்பூசி போடும் இடத்தில் நிழலும் குடிநீரும் இருக்கச் செய்யுங்கள். மருந்துப் பெட்டி வெயிலில் இருக்க விடாதீர்கள். மூன்றாவது, குறியைத் தாய்மார்களுக்குக் காட்டும்படி செவிலியரிடம் அன்போடு கேளுங்கள். அவர் இதில் பயிற்சி பெற்றவர், மகிழ்ச்சியோடு காட்டுவார். ஐயப்பட்டுச் சண்டையிடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. கருத்த குப்பி கண்ணில் பட்டால் அதைத் தனியே வைக்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டுமேயன்றி, தடுப்பூசியே வேண்டாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது.

சாட்சியின் எல்லை

எந்தச் சாட்சியும் தான் கண்டதை மட்டுமே கூறும். இக்குறி சூட்டைக் கூறும், உறைபனியைக் கூறாது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி மருந்து போன்ற சில மருந்துகள் உறைந்துபோனால் வீணாகிவிடும். அப்போதும் சதுரம் வெளிறியே இருக்கும். ஆகையால் பனிக்கட்டி மிகுந்தால் மிக நல்லது என்று எண்ணி, உறைந்த பனிக்கட்டியோடு குப்பியை ஒட்ட வைக்கலாகாது. 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியே வேண்டுவது.

உழவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நம் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடப்படுகிறது. அம்மருந்துக்கும் அதே 2 முதல் 8 டிகிரிதான்; அதையும் உறைய விடக் கூடாது. குப்பியில் குறி இல்லாத இடத்தில் குளிர்ப்பெட்டியே சாட்சி. ஊசி போடும் நாளில் மாடுகளை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தால் பெட்டியை அடிக்கடி திறந்து மூட நேராது.

மறையும் மையும் மங்கும் சீட்டும்

இனி ஊராட்சி அலுவலகத்துக்கு வருவோம். ஜப்பானின் பைலட் நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் ஒரு பேனாவை ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எழுதியதை அதன் ரப்பர் முனையால் தேய்த்தால், தேய்ப்பில் எழும் சூட்டிலேயே மை மறைந்துவிடும். ஏறத்தாழ 60 டிகிரி சூடு போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த தாளிலும் எழுத்து மறையக்கூடும். கடுங்குளிரில் வைத்தால் திரும்பவும் தோன்றும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வசதியான பேனா. ஆனால் தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, காசோலை ஆகியவற்றில் இத்தகைய பேனா படவே கூடாது. ஊர் கூடி எடுத்த முடிவு ஒரு விரல் தேய்ப்பில் மறைந்து போகலாமா? பிறர் நீட்டும் பேனாவில் காசோலை எழுதுவதைத் தவிர்த்து, நிலையான மையுள்ள சொந்தப் பேனாவைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

மற்றொன்று, இயந்திரம் கக்கும் வழவழப்பான சீட்டு. பெட்ரோல் நிலையத்திலும், எடைமேடையிலும், பணம் எடுக்கும் இயந்திரத்திலும் இத்தகைய சீட்டுகள் கிடைக்கின்றன. இதில் மையே இல்லை. தாளின் மேற்பூச்சில் சாயமும் அமிலப் பொருளும் தனித்தனித் துகள்களாக இருக்கின்றன. அச்சு முனையின் சூடு பட்ட இடத்தில் அவை உருகிக் கலந்து கருக்கின்றன. வெயில், எண்ணெய், சிலவகைப் பிளாஸ்டிக் உறை ஆகியவற்றால் அந்த எழுத்து மங்கிவிடும். பத்திரப்படுத்துவதாக எண்ணிச் சூடான இயந்திரத்தில் லேமினேஷன் செய்தால் சீட்டு முழுவதும் கருத்துப்போகும். ஜல்லி, மண் வந்த எடைச் சீட்டு கிடைத்த அன்றே நகலெடுத்து, மூலத்தோடு சேர்த்துச் செலவுச் சீட்டுக் கோப்பில் வையுங்கள். நெல்லையும் கரும்பையும் எடை போடும் உழவர்களும் அவ்வாறே செய்வது நலம். பின்னால் எடையில் தகராறு வந்தால், வெறுந்தாளைக் காட்டி நியாயம் கேட்க முடியாது.

அன்பர்களே! நிறம் மாறுவது வேடிக்கைதான். ஆனால் எந்த மாற்றம் நிலைக்கும், எது திரும்பும், எது மங்கும் என்று தெரிந்துகொண்டவருக்கு அது காவல். மூன்றிலும் முதலிடம் குழந்தைகளின் மருந்துக்கே. வருகிற புதன்கிழமை உங்கள் வார்டில் ஒரு தாய்க்காவது, அதுவும் நம் மொழி அறியாத தாய் ஒருத்திக்கு, வட்டத்துக்குள் இருக்கும் அந்தச் சதுரத்தைக் காட்டிக் கொடுங்கள். இன்று நான் பேசியதன் பயன் அதுவே.