வகுப்பறையில் வலி மாத்திரை
(ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எளாவூர்ப் பக்கம், பழவேற்காடு ஏரியையொட்டிய மீனவக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் கஞ்சா, போதை மாத்திரை பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வரும். அந்தப் பதற்றத்தில் ஒருநாள், "மார்பின் விஷம், தொடவே கூடாது" என்று வகுப்பில் முழங்கினேன்.

மறுவாரம் ஒரு மாணவன் தயங்கியபடி வந்தான். புற்றுநோயால் படுத்திருந்த அவன் அம்மாவுக்கு மருத்துவர் எழுதித் தந்ததும் மார்பின்தான். என் பேச்சை நம்பி அதை ஒளித்து வைத்துவிட்டான். இரண்டு இரவு அந்தத் தாய் தூங்கவில்லை. அன்றே மருத்துவரிடம் பேசி, மருந்தை மீண்டும் தொடங்கச் செய்தோம். அதன் பிறகே நான் முறையாகப் படித்தேன்.

மூளையில் ஓபியாய்டு ஏற்பிகள் இருப்பதை 1973-இல் அமெரிக்காவில் கேண்டேஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினர். கசகசாச் செடியின் பாலுக்கு நம் உடம்பில் எதற்கு ஒரு பூட்டு? 1975-இல் ஸ்காட்லாந்தில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் விடை கண்டனர். உடலே சுரக்கும் என்கெஃபலின்தான் அதன் சொந்தச் சாவி. மார்பின் அதே பூட்டில் பொருந்திவிடும் வெளிச்சாவி.

மியூ என்னும் ஏற்பியில் மார்பின் அமர்ந்தால் வலிச் செய்தி தணிகிறது. மூச்சை நடத்தும் மூளைப்பகுதியிலும் அதே ஏற்பி உண்டு. அளவு மீறினால் மூச்சு அடங்கும். தொடர்ந்து எடுத்தால் ஏற்பிகள் மந்தமாகும், அளவு கூடும், திடீரென நிறுத்தினால் உடல் தவிக்கும். மருத்துவர் வலியைப் பார்த்து அளவை முடிவு செய்வார். போதைக்காகப் போடுபவருக்கு அளவுகோல் ஏது? இளைஞர்கள் கரைத்து ஊசியில் ஏற்றும் டேபென்டடாலும் இதே பூட்டைத்தான் திறக்கிறது. மூச்சடங்கியவரை மீட்கும் நலாக்சோன், அந்தச் சாவியைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் அமர்கிறது.

பத்தாம் வகுப்பு நரம்பு மண்டலப் பாடத்தோடு இதைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். கரும்பலகையில் ஒரு பூட்டு, மூன்று சாவி வரையுங்கள். சிக்கிக்கொண்ட பிள்ளை தெரியவந்தால் அடிக்காதீர்கள், பெயரைப் பரப்பாதீர்கள். பெற்றோருடன் மருத்துவரிடம் அனுப்புங்கள். 14446 என்ற இலவச உதவி எண்ணையும் கொடுங்கள்.

அந்த மாணவன் பிறகு தன் கையாலேயே வேளை தவறாமல் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தான். அவர் வலி குறைந்து உறங்கினார்.